ஒற்று மிகும் இடம்

முத்திரை குத்திய எடைக்கல்லை மேசையில் வைப்பதுபோல
என்னை வகுப்பின் முன் நிறுத்தினார் சுல்மா அம்மையார்.
"இவர் வாயில் வருவது அசல் ஆங்கிலம்.
சந்தேகமென்றால் இவரிடம் நிறுத்துப் பாருங்கள்."

இரவு ஏழரை. ரிவேரா.
தெருவின் இந்தப் பக்கம் உருகுவே, அந்தப் பக்கம் பிரேசில்.
நடுவில் வேலி இல்லை.
ஒரு நாய் இரண்டு நாட்டிலும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

இருபத்தாறு பேர்.
பகலெல்லாம் வரியில்லாக் கடைகளில் அத்தர் விற்றுவிட்டு
இரவில் ஆசிரியராகப் படிப்பவர்கள்.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
இடைவேளையில் அவர்கள் பேசுவது
ஸ்பானியமும் இல்லை, போர்த்துக்கீசியமும் இல்லை.
நான் பக்கத்தில் போனால் நின்றுவிடும்.
"அது மொழியில்லை, மிஸ்" என்றாள் மில்கா.
"வீட்டுக்குள் போடுகிற செருப்பு."

வருகைப் பதிவேட்டில் இருபத்து மூன்றாவது பெயர்
வாஷிங்டன் சில்வெய்ரா.

"வார்ஷிங்டன்" என்றேன்.

அந்த ர்.
பென்சிலைப் பல்லிடுக்கில் கடித்தபடி
கல்லூரியில் நான்கு வருடம் அரம் போட்டு ராவிய ர்.
நிலக்கரி தீர்ந்துபோன எங்கள் பள்ளத்தாக்கில்
வாஷ் என்று ஒருவரும் சொல்வதில்லை.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அம்மா
முப்பது வருடமாக வார்ஷ்தான் பண்ணுகிறாள்,
ர் இல்லாமல் துவைத்தால் ரத்தக்கறை போகாது என்பதுபோல.
நான் களைத்திருந்த நேரம் பார்த்து
விதி எதையும் கேட்காமல்
ஒற்று மிகுந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.
இருபத்தாறு பேனாக்கள் குனிந்தன.
வாஷிங்டன்கூடத் தன் பெயரைத் திருத்தி எழுதிக்கொண்டான்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.
மறுநாள் வினைச்சொற்கள்.
அதற்கடுத்து வேலைநிறுத்தம்.
அதற்கடுத்து, சொல்வதற்கு நேரம் கடந்துவிட்டது
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே மாதக் குளிர். மில்காவின் முதல் பயிற்சி வகுப்பு.
வெள்ளை மேலங்கியும் கழுத்தில் நீல நாடா முடிச்சுமாக
முப்பத்தொரு பிள்ளைகள், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு:
ஐ வார்ஷ் மை ஹேண்ட்ஸ்.
ஐ வார்ஷ் மை ஃபேஸ்.

பின்வரிசையில் மதிப்பீட்டுத் தாளோடு நான்.
என் அம்மாவின் குரல்
முப்பத்தொரு தொண்டையில்.
"அமெரிக்க உச்சரிப்பு!" என் காதோரம் சுல்மா அம்மையார், பூரித்துப்போய்.
இருபத்தாறு ஆசிரியர்கள், ஆளுக்கு முப்பது பிள்ளைகள்,
ஓய்வு பெறும்வரை...
கணக்கு எனக்கு வராது. வந்தவரை போட்டேன்.
வயிற்றைக் கலக்கியது.

பள்ளி விட்டுப் போகும் வழியில் மில்காவிடம் ஒப்புக்கொண்டேன்.
கட்டிப்பிடிப்பாள், சிரிப்பாள்,
உனக்கும் வீட்டுச் செருப்பா என்பாள் என்று நினைத்திருந்தேன்.
அவள் நின்றாள்.
"ஸ்பானியத்தில் இதுபோல எனக்கு ஒன்று வழுக்கினால்
மதிப்பெண் போகும்.
உங்களுக்கு வழுக்கினால்
அதற்குப் பெயர் அமெரிக்க உச்சரிப்பு."
தெருவைக் கடந்து ரொட்டி வாங்க பிரேசிலுக்குள் போனாள்.
எனக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன்.
இது அகராதியில் இருப்பது,
இது எங்கள் வீட்டில் இருப்பது என்றேன்.
வாஷிங்டன் கை தூக்கினான்: "அப்போது நான் எது, மிஸ்?"
"உன் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?"
காது சிவக்கச் சொன்னான்.
குவாசிந்தோ மாதிரி ஒன்று.
கடைசி எழுத்து வாய்க்கு வராமல் மூக்குக்குள் போய் ஒளிந்தது.

நான் முயன்றேன்.
இப்போது சிரித்தார்கள், இருபத்தைந்து பேர்.

மில்கா மட்டும் சிரிக்காமல்
முன்வரிசையிலிருந்து ஒரு பென்சிலை நீட்டினாள்.
"கடித்துக்கொள்ளுங்கள்.
மறுபடியும்."